நாலாம் ஒலியில் ஒரு டிக்

செய்தி காலை பதினொன்று பத்துக்கு வந்தது. நான் அச்சகத்தில், எட்டாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தின் மூன்றாவது மெய்ப்புப் படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். அழைத்தது என் நாத்தனார் வேலை பார்த்த காது மருத்துவமனையின் வரவேற்பாளர். "மேடம், கொஞ்சம் உடனே வர முடியுமா? அவங்க சவுண்ட் ரூம்ல..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். தாள்களை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் அவள் ஒலி புகாத அந்தச் சின்ன அறைக்குள் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கருவி சரியாக இருக்கிறதா என்று தானே ஒருமுறை கேட்டுப் பார்ப்பது வழக்கம். கதவைத் திறந்தவர்கள், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து இரண்டு நிமிடம் சத்தம் போடாமல் காத்திருந்தார்களாம். இதயம் என்றார் மருத்துவர். சில விநாடிகளில் முடிந்திருக்கும் என்றார். அவளுக்கு நாற்பத்து நான்கு வயது.

வீட்டில் அவளுக்குப் பெயர் டெசிபல். வைத்தது அவளுடைய அண்ணன், என் கணவர். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்த முதல் வாரமே அவள் அவரிடம், "அண்ணா, நீ சாதாரணமா பேசுறதே எழுபத்தஞ்சு டெசிபல். பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம வீட்டுக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க, பாத்தியா?" என்றாளாம். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி நான்கு வருடம் வேறு ஊரில் இருந்தாள். பிறகு ஒருநாள் இரண்டு பெட்டியோடு வந்து, எங்கள் மாடி அறையைச் சுற்றிப் பார்த்து, கையைத் தட்டி எதிரொலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, "இது போதும் அண்ணி" என்றாள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் கிளறவில்லை.

பழைய வீடியோ கேம்களுக்குள் அவள் போனது ஆசையால் என்று பலர் நினைத்தார்கள். எரிச்சலால் போனாள் என்பதற்கு நான் சாட்சி. என் கணவர் கடைவீதியில் கைக்கடக்கமான ஒரு கருவி வாங்கி வந்தார். பழைய கேம்கள் தொள்ளாயிரம் அதற்குள் இருக்கின்றன என்று பெட்டியில் போட்டிருந்தது. சோபாவில் கால் நீட்டி அவர் விளையாட ஆரம்பித்த பத்தாவது விநாடியில், மாடியிலிருந்து இவள் இறங்கி வந்தாள்.

"அதை நிறுத்து."

"ஏன், உனக்கும் வேணுமா? வரிசைல வா."

"சுதி குறையுது. இந்தப் பாட்டு இப்படி இருக்காது. அரைச் சுரம் கீழ இருக்கு."

"நீ இதைக் கடைசியா எப்போ கேட்ட?"

"பதினோரு வயசுல. எதிர்வீட்டுல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டில் இருந்த மாதிரியான பழைய கேம் கன்சோல் ஒன்றை யாரிடமிருந்தோ இரவல் வாங்கி வந்து, டிவியில் மாட்டி, இரண்டையும் அடுத்தடுத்து ஓட விட்டாள். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. அந்தக் கைக்கருவி நூற்றுக்கு ஆறு பங்கு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. "கண்ணுக்குத் தெரியாது அண்ணி. அதனால யாரும் கவலைப்படல. காது மட்டும் ஏமாறணுமா?" என்றாள். இப்படித்தான் ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடம் நடந்தது.

எமுலேட்டர் என்றால் என்னவென்று அவள் எனக்கு ஒரே தடவையில் புரியவைத்தாள். பழைய மெஷினின் விளையாட்டு ஒரு சிப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தைப் படித்துக் கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்டால் மட்டும் போதாது. அது வேறு பாஷை. கம்ப்யூட்டர் தன்னையே அந்தப் பழைய மெஷின் என்று நினைத்துக்கொள்ளும்படி ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அதுதான் எமுலேட்டர். "உள்ள இருக்கிற விளையாட்டுக்கு, தான் வீடு மாறிட்டோம்னே தெரியக் கூடாது. குடத்தோட தூக்கிட்டுப் போன மீன் மாதிரி" என்றாள்.

மாடி அறை மெல்ல நிறைந்தது. தச்சரை வைத்து, கடைகளில் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் மெஷின் மாதிரி, ஆளுயரத்துக்குப் பலகையில் ஒரு கூடு அடித்தாள். ஜாய்ஸ்டிக்கும் ஆறு பொத்தான்களும் முன்னால், பழைய பிக்சர் டியூப் டிவி நடுவில், கம்ப்யூட்டர் அடியில். விருந்தாளிகள் வந்தால் அதன் முன்னால் வரிசை கட்டி நிற்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அவளுக்கு விளையாடவே வராது. முதல் கட்டத்தைத் தாண்டியதில்லை. அவள் விளையாடுவதைப் பார்க்க என் கணவர் நாற்காலி போட்டு உட்காருவார். "ஏம்மா, சமையல் தெரியாதவ ஹோட்டல் வச்ச மாதிரி இருக்கு" என்பார். "நீ சாப்பிடு, நான் கேக்கிறேன்" என்பாள்.

மிகப் பழைய ஆர்கேட் மெஷின்களில் ஒரு சிக்கல் உண்டு. படமும் விதிகளும் சிப்பில் இருக்கும், சத்தம் இருக்காது. வெடிச் சத்தம், அலைச் சத்தம் எல்லாம் தனி சர்க்யூட் போர்டில் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்து மின்சாரத்திலேயே உண்டாக்குபவை. அவற்றைப் படித்து எடுக்க முடியாது. உண்மையான மெஷினின் முன்னால் மைக்கைப் பிடித்துப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்த போர்டின் வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சத்தத்தை வரவழைக்க வேண்டும். இரண்டாவது வழி கடினம். அதனால் உலகமெங்கும் இந்த வேலையில் இருப்பவர்களின் குழு ஒன்று பதிவுகளைத்தான் நம்பியிருந்தது. அந்தக் குழுவில் அவள் காதுக்கு ஒரு மரியாதை இருந்தது. ஒரு சத்தம் சரியா என்று தகராறு வந்தால், அவளைக் கேட்பார்கள். அவள் சொன்னால் பேச்சு முடிந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் அவள் ஒரு மெஷினைக் கண்டுபிடித்தாள். படகிலிருந்து குண்டு போட்டு நீர்மூழ்கிகளை உடைக்கும் விளையாட்டு. வேறெங்கும் ஓடுகிற நிலையில் ஒன்று இருப்பதாகக் குழுவில் யாருக்கும் தெரியவில்லை. இது எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது நிறுத்தத்தில், ஒரு சலவைக்கடையில், துவைத்து மடித்த திரைச்சீலைகளை அடுக்கும் மேசையாக இருந்தது. சலவைக்கடைக்காரர் துணிகளை இறக்கி, தூசு தட்டி, ஓட விட்டு, அவரே விளையாடினார். அவள் பதிவு செய்தாள். மொத்தம் ஏழு ஒலிகள். நான்காவது, பெரிய நீர்மூழ்கி வெடிக்கும் சத்தம். அதைக் குழுவுக்கு அனுப்பும்போது, "வெடிக்குப் பின் ஒரு சிறு டிக் கேட்கிறது, ரிலேயாக இருக்கலாம்" என்று ஒரு குறிப்பும் எழுதினாள். ரிலே என்பது மின்சாரம் வந்ததும் தானே டிக்கென்று அமுங்கும் ஒரு சுவிட்ச்.

எங்கள் தொழிலில் பார்த்திருக்கிறேன்: மறுபதிப்பில் முதலில் உதிர்வது 'இருக்கலாம்' என்கிற சொல்தான். இங்கும் அப்படியே ஆயிற்று. ஒருவர் சொல்ல ஒருவர் எழுத, இரண்டே வருடத்தில் "இந்த மெஷினில் ரிலே ஒன்று உண்டு" என்று எல்லாக் குறிப்புகளிலும் வந்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் வீடுகளில் அந்த நீர்மூழ்கி வெடித்து, டிக் என்றது.

இந்த வருடம் குழுவில் ஒருவர் அந்த போர்டைக் கணக்கால் எழுத உட்கார்ந்தார். சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். துறைமுகம் வரும்போதுதான் அவரிடமிருந்து கடிதம் வரும். நாங்கள் அவரைக் கப்பல்காரர் என்போம். ஆறு ஒலிகள் அவருக்கு அச்சாக வந்துவிட்டன. நான்காவதில் டிக் மட்டும் வரவில்லை. வரைபடத்தில் ரிலே இல்லை. மனிதர் நான்கு மாதம் மல்லாடினார். கடைசியில் எழுதினார்: "உங்கள் காது தவறாது. எனவே வரைபடம்தான் தவறு. விடுபட்ட பாகத்தை நானே புள்ளிக்கோட்டில் சேர்த்துவிட்டேன். மாதக் கடைசியில் வெளியிடுகிறோம்."

அவள் அதைப் படித்துக் காட்டியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுக்கும்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை மதியம். கீழே சாப்பாட்டு மேசையில் நான் ஒரு கட்டுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். காற்றில் பின்கதவு படாரென்று அடித்தது. அவள் கையிலிருந்த அமுக்குப் பேனா டிக் என்றது. சிறிது நேரம் கழித்து மறுபடி கதவு அடித்தது. மறுபடி டிக்.

"ஏன் டெசிபல், சத்தம் கேட்டா நீ எதுக்குப் பேனாவ அமுக்குற?"

"நானா? எப்போ?"

"எப்பவுமேதான். டிவில வெடிச்சாலும் அமுக்குவ. என் பேனா ரெண்டு உன்னாலதான் போச்சு."

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நான் விளையாட்டாகச் சொன்னேன். ஆனால் அவள் தினமும் காலையில் செய்வது என்ன? ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நோயாளியின் கையில் கொடுக்கும் பொத்தானைத் தானே பிடித்துக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்குவது. இருபது வருடமாக. சத்தம் என்றால் அந்த விரல் அமுங்கும்; அவளைக் கேட்டுக்கொண்டு அல்ல.

படிவத்தைப் பாதியில் விட்டு எழுந்து மாடிக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்து மேலிருந்து, "அண்ணி, கொஞ்சம் வாங்க."

அந்த நான்காம் ஒலியை அவள் அன்று மூன்று முறை பதிவு செய்து, நன்றாக வந்த ஒன்றைத்தான் அனுப்பியிருந்தாள். மற்ற இரண்டையும் தேடி எடுத்திருந்தாள். மூன்றும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன; வெடி ஒரு பெரிய வீக்கம், டிக் அதன் சரிவில் ஒரு சின்ன முள்.

"பாருங்க. மெஷினா இருந்தா மூணுலயும் முள்ளு ஒரே இடத்துல நிக்கணும். இது ஒண்ணுல கொஞ்சம் முன்னாடி, ஒண்ணுல கொஞ்சம் பின்னாடி. எல்லாமே வெடிச்சு விநாடில அஞ்சுல ஒரு பங்கு கழிச்சு. மனுஷன் ஒரு சத்தத்தைக் கேட்டுப் பொத்தானை அமுக்க ஆகிற நேரம் அது. இதை நான் தினமும் பத்துப் பேருக்கு அளக்கிறேன்." நாற்காலியில் சாய்ந்தாள். "ஒன்பது வருஷமா எல்லாரும் என் விரலைக் கேட்டுட்டு இருக்காங்க அண்ணி."

என் கணவர் விஷயம் கேட்டு முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அண்ணனாக யோசனை சொன்னார். "சலவைக்கடைக்குப் போ, புதுசா பதிவு பண்ணு, 'இன்னும் நல்ல தரத்துல எடுத்தேன்'னு சொல்லி மாத்திடு. யார் கேக்கப் போறா? உன் பேரும் கெடாது."

"அந்தக் கப்பல்காரர் இல்லாத ஒரு பாகத்தை வரைஞ்சு வச்சிருக்கார். நாளைக்கு ஒருத்தன் அதைப் பாத்துட்டு அதே மாதிரி போர்டே செய்வான். அப்போ என் பேரு நல்லா இருந்து என்ன பண்றது?"

"உன் காதுக்குத்தானே அவங்க மரியாதை தர்றாங்க. அதையே போட்டு உடைக்கிறியே?"

"காது சரியாத்தான் இருந்துச்சு. டிக்னு கேட்டுச்சு, டிக்னு எழுதினேன். எங்கேருந்து வந்துச்சுன்னு திரும்பிப் பாக்கல, அவ்வளவுதான். இருக்கலாம்னு எழுதிட்டு ஒன்பது வருஷம் தூங்கிட்டேன்."

எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. அவளுக்கு அந்தக் குழுதான் உலகம். மாடியில் அவள் தனியாக இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றாததற்கு அவர்கள்தான் காரணம். அன்றே, புதிய பதிவு கையில் வருவதற்கு முன்பே, அவள் எழுதினாள். நான்கு வரி. டிக் மெஷினுடையது அல்ல, தன் கையிலிருந்த பேனாவுடையது, மூன்று பதிவுகளையும் இணைத்திருக்கிறேன், அளந்து பாருங்கள், புள்ளிக்கோட்டை அழித்துவிடுங்கள், அடுத்த ஞாயிறு புதிதாக எடுத்து அனுப்புகிறேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுதி, பிறகு எடுத்துவிட்டாள். "அளவை அனுப்பினா போதும். அழுதா அவங்க வேலை நின்னு எனக்கு ஆறுதல் சொல்ல வந்துடுவாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் சலவைக்கடைக்குப் போனோம். விளையாட அவள் அண்ணன், மைக் பிடிக்க நான். கடைக்காரர் திரைச்சீலைகளை இறக்கிக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"என்னம்மா, அன்னைக்கு எடுத்தது போதாதா?"

"அன்னைக்கு ஒரு டிக் சேந்துடுச்சுங்க."

"என் மெஷின்ல டிக் ஏதும்மா? அது டொம்முனு வெடிச்சு அடங்கிடும். தினம் கேட்டவன் நான்."

"அப்போ அன்னைக்குப் பதிவைப் போட்டுக் காட்டினப்ப நீங்க சொல்லலையே?"

"என்கிட்ட எவன் கேட்டான்?"

அவள் தலையில் கை வைத்துச் சிரித்தாள். ஒன்பது வருடம், ஒரு கப்பல்காரர், நான்கு மாதம். மூன்று நிறுத்தம் தள்ளி ஒருவருக்குப் பதில் தெரிந்திருந்தது.

இஸ்திரிப் பெட்டிகளின் நீராவியை அரை மணி நேரம் நிறுத்திக்கொடுத்தார். நான் முதல் வேலையாக அவளுடைய பேனாக்களைப் பறிமுதல் செய்தேன்; பையில் இரண்டு, சட்டைப்பையில் ஒன்று. பெரிய நீர்மூழ்கி நான்காம் கட்டத்தில்தான் வரும். வீட்டில் வீரம் பேசிய என் கணவர் இங்கே இரண்டாம் கட்டத்திலேயே மூழ்கினார்.

"ஜாய்ஸ்டிக் கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்றார்.

"அதானே பாத்தேன், ஜாய்ஸ்டிக்தான் காரணமா இருக்கணும்" என்றாள் தங்கை.

மூன்று முறை மூழ்கிய பிறகு கடைக்காரர், "நகருங்க சார், நீராவி ஆறிடும்" என்று அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு நின்றார். கையைக்கூட அதிகம் அசைக்காமல் நான்காம் கட்டத்துக்குப் போனார். குண்டு இறங்கியது. வெடித்தது. நான் மைக்கைப் பிடித்தபடி அவள் கையைப் பார்த்தேன். பேனா இல்லாத அந்தக் கட்டைவிரல் காற்றில் ஒருமுறை அமுங்கி எழுந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். சத்தம் முழுதும் அடங்கும்வரை ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு அவள் ஹெட்போனில் கேட்டாள், இன்னொரு முறை கேட்டாள், கழற்றி என்னிடம் கொடுத்தாள். வெடியும் அதன் நீண்ட முணுமுணுப்பும் மட்டும். கடைக்காரர் சொன்னதுபோலவே அடங்கியது.

கப்பல்காரரின் பதில் அவர் அடுத்த துறைமுகத்தைத் தொட்ட அன்று வந்தது. "உங்கள் கட்டைவிரலுக்காக நான் ஒரு ரிலேயும் இரண்டு கெபாசிட்டரும் ஒதுக்கியிருந்தேன். மூன்றையும் கடலில் எறிந்துவிட்டேன். என் கணக்கும் உங்கள் புதிய பதிவும் இப்போது ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அந்தக் கணக்கு நான்கு மாதத்துக்கு முன்பே சரியாக இருந்தது என்பதுதான் எனக்கு எரிச்சல்." அந்த எரிச்சல் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இரண்டு பேரிடம் படித்துக் காட்டினாள். குழுவில் சிலர் டிக் பழகிவிட்டது, வேண்டுமென்பவர்களுக்கு அதையும் வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். "முடியாது" என்று ஒரே சொல்லில் பதில் போட்டாள். மாதக் கடைசியில் டிக் இல்லாமல் வெளிவந்தது. யாரும் அவளைக் கேட்பதை நிறுத்தவில்லை. முன்பைவிட அதிகமாகக் கேட்டார்கள், கூடவே, "பேனா கையில் இல்லையே?" என்றும் கேட்டார்கள்.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவள் பதினோரு மெஷின்களிலிருந்து எடுத்த ஒலிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றில் விரல் விழுந்திருந்தால் மற்றவற்றிலும் விழுந்திருக்கும் அல்லவா? வரிசையாக எண் போட்டுத் தாளில் கட்டம் கட்டினாள். வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொன்றையும் மூன்று முறை கேட்பாள். சரியாக இருந்தால் எதிரே 'சுத்தம்' என்று எழுதுவாள். பேனாச் சத்தம் இருந்தால் 'நான்' என்று எழுதுவாள். ஒருநாள் மாலை நான் மாடிக்குப் போனபோது, திரும்பிப் பார்க்காமலே, "இன்னொரு நான் கிடைச்சிருக்கேன் அண்ணி" என்றாள். குரலில் வருத்தமே இல்லை. புதையல் எடுத்தவள் மாதிரி இருந்தது.

அவள் போனதைக் குழுவுக்கு நான்தான் எழுதித் தெரிவித்தேன். கப்பல்காரர் தன் வரைபடத்தின் ஓரத்தில், அளந்தவர் என்ற இடத்தில், அவள் குழுவில் வைத்திருந்த பெயரை எழுதி அனுப்பியிருந்தார். சலவைக்கடைக்காரர் வந்து கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். என் கணவர் இப்போது சின்னக் குரலில் பேசுகிறார்.

மாடி மேசையில் அந்தத் தாள்கள் அப்படியே இருக்கின்றன. நான்கு இடத்தில் 'நான்' என்றும், நூற்று முப்பத்தைந்து இடத்தில் 'சுத்தம்' என்றும் இருக்கிறது. நூற்று நாற்பதாவது ஒலி, ஒரு கதவு திறப்பது, ஒன்றரை விநாடி. அதன் எதிரே உள்ள கட்டம் காலி.